தோலைப் பார்த்துச் சீட்டுக் கேட்பதா?

ஜப்பான் தேசத்தின் தலைநகராகிய டோக்கியோவில் 2024ஆம் வருஷம் ஜனவரி மாதம் 29ந் தேதி ஒரு வழக்குத் தொடரப்பட்டது. தொடர்ந்தவர்கள் அயல்நாட்டு வமிசத்தைச் சேர்ந்த மூன்று பேர். பிரதிவாதிகள் ஜப்பான் சர்க்காரும், டோக்கியோ, ஐச்சி ஆகிய இரண்டு பிரதேச சர்க்கார்களுமாவர். "நாங்கள் ஒரு குற்றமும் செய்யாமலிருக்க, எங்கள் தோற்றத்தை மட்டும் பார்த்துப் போலீசார் எங்களைத் தெருவிலும் வாகனத்திலும் திரும்பத் திரும்ப நிறுத்தி விசாரிக்கிறார்கள், இது ஜாதி, இன வித்தியாசமின்றி எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 14வது விதிக்கு விரோதம்" என்பதே அவ்வழக்கின் சாரமாகும். இம்மூவரில் ஒருவர் ஜப்பானியப் பிரஜையாகவே ஆகிவிட்டவர் என்பதை வாசகர்கள் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில், இந்த விவகாரத்தின் புரட்டு முழுவதும் அந்த ஒரு சங்கதியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

"எங்கோ இருக்கும் ஜப்பானில் எவனையோ போலீசுக்காரன் நிறுத்தினால் உங்களுக்கென்ன?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். இன்ன பிறவிக்காரன் இன்ன தெருவில் நடக்கலாம், இன்ன பிறவிக்காரன் நடக்கக்கூடாது என்ற அயோக்கியத்தனத்தை எதிர்த்து 1924ல் வைக்கத்தில் சிறை புகுந்த கூட்டத்தின் வழிவந்தவர்கள் நாம். மனிதன் தெருவில் நடப்பதற்குத் தன் பிறவியைப் பற்றிப் பதில் சொல்லவேண்டும் என்று எந்தத் தேசத்தில் ஏற்பட்டாலும் அது நம்முடைய விவகாரமேயாகும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஜப்பானில் 2012ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் அமுலில் வந்த முறைப்படி, மூன்று மாதத்திற்கு மேல் தங்க அனுமதி பெற்ற அந்நியருக்கு ஒரு குடியிருப்புச் சீட்டுக் கொடுக்கப்படுகிறது. 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அதை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் 2 லட்சம் யென் வரை அபராதம். போலீசுக்காரர் தம் உத்தியோக முறையில் கேட்கும்போது காட்ட மறுத்தாலோ, ஒரு வருஷம் வரை சிறை அல்லது 2 லட்சம் யென் வரை அபராதம்.

மற்றொரு சட்டமும் இருக்கிறது. அது 1948ல் ஏற்பட்ட போலீசுக் கடமைச் சட்டம். ஒருவனுடைய நடத்தை வழக்கத்துக்கு மாறாக இருந்து, அவன் குற்றம் செய்திருப்பான் அல்லது செய்யப்போகிறான் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் போலீசுக்காரன் அவனை நிறுத்தி விசாரிக்கலாம் என்று அது சொல்லுகிறது. அப்பொழுதும் அவனை வலுவில் பிடித்து வைக்கக்கூடாது. பதில் சொல்லும்படி பலவந்தப்படுத்தவும் கூடாது என்று கண்டிருக்கிறது. சட்டம் நல்ல சட்டந்தான்.

ஆனால் இவ்விரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானியனைப் போலீசுக்காரன் நிறுத்தினால், "எனக்கு வேலை இருக்கிறது, பதில் சொல்ல இஷ்டமில்லை" என்று அவன் நடையைக் கட்டலாம். அந்நியனை நிறுத்திச் சீட்டைக் கேட்டாலோ, அவன் காட்டியே தீரவேண்டும். காட்ட மறுத்தால் அந்த மறுப்பே குற்றம். அதாவது, ஒரு குற்றமும் இல்லாத மனிதனிடமிருந்து நடுத்தெருவில் ஒரு குற்றத்தை உண்டாக்கிக்கொள்ளச் சட்டமே வழி செய்திருக்கிறது.

நிற்க, நாம் கேட்பதெல்லாம் ஒரு கேள்விதான். எதிரே வருகிறவன் அந்நியன் என்று போலீசுக்காரனுக்கு எப்படித் தெரியும்? சீட்டைப் பார்த்த பிறகல்லவா தெரியவேண்டும்? சீட்டைக் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது என்றால், அவன் பார்த்தது எதை? தோலின் நிறத்தையும், மூக்கையும், தலைமயிரையும் தவிர வேறெதை? பரம்பரை ஜப்பானியன் போன்ற முகமுடைய ஒரு சீனரோ, கொரியரோ பத்து வருஷம் அதே தெருவில் நடந்தாலும் அவரை ஒருவரும் கேட்காமல் போகலாம். ஜப்பானியப் பிரஜையாகிவிட்ட கருத்த மனிதரோ ஒவ்வொரு சந்தியிலும் கேட்கப்படுவார். அவரிடம் அந்தச் சீட்டே கிடையாது, பிரஜைக்கு அது கொடுக்கப்படுவதில்லை! இல்லாத சீட்டை அவர் எங்கிருந்து காட்டுவார்? ஆகவே இது சீட்டுச் சோதனையல்ல, முகச் சோதனை என்பது பச்சைக் குழந்தைக்கும் விளங்கக்கூடியதாகும்.

நம் நாட்டில் சகுனம் பார்க்கும் முட்டாள்தனத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியும் பேசியுமிருக்கிறோம். பூனை குறுக்கே போனால் காரியம் கெடும், கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் பயணம் ஆகாது என்று சொல்லுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்தப் பெண் செய்த குற்றமென்ன? எதிரே வந்ததுதான். டோக்கியோவில் நிறுத்தப்படும் கருத்த மனிதன் செய்த குற்றமும் அதுவேதான். ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. நம் ஊர்க் கிழவர் சகுனம் பார்த்துத் தம் பயணத்தைத்தான் நிறுத்திக்கொள்ளுகிறார். போலீசுக்காரனோ சகுனம் பார்த்து எதிரே வருகிறவனுடைய பயணத்தை நிறுத்திவிடுகிறான்.

இதெல்லாம் கற்பனையோ என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். டோக்கியோ வக்கீல்கள் சங்கத்தார் 2022ல் அயல்நாட்டு வமிசத்தைச் சேர்ந்தவர்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில் வாங்கினார்கள். பதில் அளித்தவர்கள் 2,094 பேர். அவர்களில் 100க்கு 62.9 பேர் முந்திய ஐந்து வருஷ காலத்திற்குள் போலீசாரால் நிறுத்தி விசாரிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். தாமே முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்காதலால் இதைத் தேசம் முழுவதற்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். பாதிக்குப் பாதி தள்ளிவிடட்டும். அதே 2022ல் ஜப்பான் தேசியப் போலீசு இலாகா தன் பங்குக்கு ஒரு கணக்கு வெளியிட்டது. 2021ஆம் வருஷத்தில் தேசம் முழுவதிலும் தகாத முறையில் நடந்த விசாரணைகள் எத்தனை என்றால், மொத்தம் ஆறு! 2024ஆம் வருஷ முடிவில் சுமார் 37 லட்சத்து 69 ஆயிரம் அந்நியர்கள் குடியிருந்த தேசத்தில், ஒரு முழு வருஷத்துக்கு ஆறே ஆறு! திருடனே திருட்டுக்குக் கணக்கு எழுதினால் வேறெப்படி இருக்கும்?

அமெரிக்காவின் யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். 2021ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் டோக்கியோவிலுள்ள அமெரிக்கத் தூதராலயத்தார், "இங்கே போலீசார் இனத்தைப் பார்த்து அந்நியரை நிறுத்திச் சோதிப்பதாகத் தெரிகிறது, ஜாக்கிரதை" என்று தங்கள் பிரஜைகளுக்கு எச்சரிக்கை விட்டார்கள். மிகவும் சரி. அதே அமெரிக்காவில் 2025ஆம் வருஷம் என்ன நடந்தது? லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் குடியேற்ற இலாகாச் சிப்பாய்கள் முகமூடி அணிந்து வந்து, பஸ் நிற்கும் இடத்திலும், கார் கழுவும் இடத்திலும், கூலிக்காரர்கள் வேலைக்குக் காத்து நிற்கும் இடத்திலும் ஆட்களைப் பிடித்தார்கள். இனம், ஸ்பானிஷ் பேச்சு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகிய இந்த நான்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரையும் நிறுத்தக்கூடாது என்று அங்குள்ள கோர்ட்டு 2025 ஜூலை 11ந் தேதி தடுத்தது. அந்தத் தடையைத் தேசத்தின் உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 8ந் தேதி, மேல்முறையீடு முடியும் வரையில் என்று சொல்லி, நிறுத்திவைத்துவிட்டது. ஒன்பது நீதிபதிகளில் மூவர் மாத்திரமே இதை எதிர்த்தார்கள். தன் பிள்ளைக்கு அடுத்த வீட்டில் நடந்தால் அநியாயம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் நடந்தால் அது சட்டம்! இதுதான் வல்லரசுகளின் நியாயமாக இருக்கிறது.

"அப்படியானால் ஒரு தேசம் தன் எல்லைக்குள் யார் வருகிறான், போகிறான் என்று பார்க்கவே கூடாதா?" என்று கேட்கப்படலாம். தாராளமாய்ப் பார்க்கட்டும். கப்பல் துறையில் பார்க்கட்டும். விமான நிலையத்தில் பார்க்கட்டும். சீட்டு வழங்கும் ஆபீசிலும், வேலைக்கு வைக்கும் முதலாளியிடத்திலும் பார்க்கட்டும். அங்கெல்லாம் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், எல்லோரையும் கேட்கிறார்கள், யாருக்கும் மானக்கேடில்லை. ஆயிரம் பேர் போகிற தெருவில் ஒருவனை மாத்திரம் பிரித்து நிறுத்தும்போதுதான் மானம் போகிறது.

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குச் சீட்டைக் காட்டுவதில் என்ன கஷ்டம்? ஒரு நிமிஷ வேலைதானே?" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். ஒரு நிமிஷ வேலைதான் என்றால், தெருவில் போகும் ஆயிரம் பேரையும் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்கட்டுமே! மந்திரியையும், வங்கிச் சொந்தக்காரனையும் கேட்கட்டுமே! மறுநாளே அந்தச் சட்டம் ரத்தாகிவிடாதா? நம் கிராமங்களில் "நீ எந்தத் தெரு?" என்று கேட்பதும் அரை நிமிஷக் கேள்விதான். அந்த அரை நிமிஷத்தில் ஒரு மனிதனுடைய ஆயுள் முழுவதும் அளந்து முடிக்கப்பட்டுவிடுகிறதென்பது அதைக் கேட்கப்பட்டவனுக்குத்தான் தெரியும். பக்கத்தில் பெண்சாதி பிள்ளைகள் நிற்க, போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்க்க, பையைத் திறந்து காட்டி நிற்கும் மனிதனைப் பற்றி அந்தப் பார்க்கிற ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? "ஏதோ செய்துவிட்டான் போலிருக்கிறது" என்றல்லவா நினைப்பார்கள்? போலீசுக்காரன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நினைப்பை யார் திருப்பி வாங்குவது?

இந்த வியாதி அந்நியரோடு நின்றுவிடும் என்று யாரும் நினைத்து ஏமாற வேண்டாம். முகத்தையும் பேச்சையும் பார்த்துச் சந்தேகிக்கும் அதிகாரம் ஒருமுறை கையில் வந்துவிட்டால், அப்புறம் சொந்தப் பிரஜையும் அதற்குத் தப்பமுடியாது. கொழும்பில் பேச்சையும், பெயரையும், அடையாள அட்டையிலுள்ள ஊரையும் பார்த்துத் தமிழர்கள் சந்திக்குச் சந்தி நிறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 2007ஆம் வருஷம் ஜூன் 7ந் தேதி அந்நகர விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் விடியுமுன் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அந்நியர்களா? அத்தேசத்துப் பிரஜைகள்! மறுநாளே அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நம் தேசத்திலேயே 2025ஆம் வருஷத்தில் டில்லி முதலிய பட்டணங்களில் கூலி வேலைக்கு வந்த வங்காளிகள், பேசிய பாஷைக்காகவே பங்களாதேசத்தார் என்று சந்தேகிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டார்கள். சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, இந்தியப் பிரஜைகள் என்று தெரிந்தபின் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். ஆகையால் ஜப்பானைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்க நமக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது.

இதற்குப் பரிகாரமே இல்லையோ என்றால், உண்டு. சரித்திரமே சாட்சி சொல்லுகிறது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1907ல் ஏற்பட்ட சட்டம், அங்கிருந்த இந்தியர்கள் கைரேகை வைத்துச் சீட்டு வாங்க வேண்டும், எந்தப் போலீசுக்காரன் கேட்டாலும் காட்ட வேண்டும் என்று விதித்தது. 1908 ஆகஸ்டு 16ந் தேதி ஜொகானஸ்பர்க்கில் 2000க்கு மேற்பட்ட சீட்டுகளை ஒரு கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அக்கிளர்ச்சிக்குத் தலைமை வகித்தவர் காந்தியார். ஆனால் அதில் சிறையை நிரப்பியவர்களில் தம்பி நாயுடு போன்ற சென்னை மாகாண வமிசத்தாரும், பெயர் தெரியாத தமிழ்க் கூலிகளும், சில்லறை வியாபாரிகளும் மிகுதி என்பதை நம்மவர்கள் மறக்கக்கூடாது.

ஜப்பானிலேயே நடந்ததையும் கேளுங்கள். 1910ல் கொரியாவைப் பிடுங்கிக்கொண்டு அந்நாட்டாரைத் தன் பிரஜைகள் என்று சொன்ன ஜப்பான் சர்க்கார், 1952ல் தன் நாட்டில் வாழ்ந்த கொரியர்களை ஒரே நாளில் அந்நியர்கள் என்று ஆக்கிவிட்டது. 1955 முதல் அவர்களிடம் குற்றவாளிகளைப்போல் கைரேகை வாங்கிற்று. 1980ல் டோக்கியோவில் ஹான் ஜோங் சோக் என்ற ஒரு கொரியர், "வைக்கமாட்டேன்" என்றார். ஒரு மனிதனுடைய விரல்! அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் மறுத்தார்கள். வழக்குக்கும் சிறைக்கும் அஞ்சவில்லை. 1993ல் நிரந்தரக் குடியினருக்கு அந்தக் கைரேகை ஒழிந்தது. 2000ல் அந்தப் பதிவு முறையில் எல்லோருக்குமே ஒழிந்தது. 2012ல் வந்த புதிய முறையில், அந்தப் பழைய கொரியக் குடிகளும் அவர்கள் சந்ததியாரும் தங்கள் அத்தாட்சியை எந்நேரமும் சுமந்து திரியவேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. அதனால் ஜப்பான் தேசம் கடலில் மூழ்கிவிடவில்லை! அவர்களுக்கு வேண்டாம் என்று ஆன சுமை மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு மாத்திரம் எதற்காக என்பதே நம் கேள்வி.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். தெருவில் ஒரு மனிதனை நிறுத்துவதற்கு அவன் செய்த செய்கை காரணமாக இருக்கவேண்டுமே ஒழிய, அவன் பிறந்த பிறவி காரணமாக இருக்கக்கூடாது. நிறுத்துகிற போலீசுக்காரன் இன்ன காரணத்துக்காக நிறுத்தினேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அவன் கையில் கொடுக்கவேண்டும். "கருப்பாயிருந்தான், ஆகையால் நிறுத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட எவனுக்குத் துணிவு வரும்? துணிவு வராது என்றால், அந்தக் காரணம் யோக்கியமான காரணமல்ல என்பது அவனுக்கே தெரியும் என்றுதான் அர்த்தம். எத்தனை பேரை நிறுத்தினார்கள், அதில் எத்தனை பேர் குற்றவாளிகள் என்ற கணக்கும் வருஷந்தோறும் போலீசு அல்லாத ஒரு சபையின் பார்வைக்கு வரவேண்டும்.

தோழர்களே! நம்முடைய பட்டணங்களுக்கும் இன்று எங்கெங்கோ இருந்து ஏழை மக்கள் கூலிக்கு வருகிறார்கள். அவர்கள் பேச்சு நமக்குப் புரிவதில்லை; முகம் வேறு மாதிரி இருக்கிறது. ஊரில் ஒரு பொருள் காணாமற் போனால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது, யாருடைய மூட்டை அவிழ்க்கப்படுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். அப்படி அவிழ்க்கப்படும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காமல், "என்ன காரணத்துக்காக இவனை நிறுத்தினீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்காதவன், நாளை தன்னை ஒருவன் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கும்போது வாய் திறக்க யோக்கியதை இல்லாதவனாவான்.