பான்ஃபிலோவைப் புதைக்க வந்தவர்

ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் வகுத்த இலக்கணம். கலிங்கப் போர்க்களத்தில் யானைப் பிணங்களை யாரும் கயிறு கட்டி எண்ணவில்லை, ஆகவே கருணாகரத் தொண்டைமான் என்றொரு தளபதியே இருந்ததில்லை என்று ஒருவர் கட்டுரை எழுதினால், அவரை ஆராய்ச்சியாளர் என்போமா, கணக்கில் கெட்டி கதையில் மட்டி என்போமா? சோவியத் மேஜர் ஜெனரல் இவான் வசீலியெவிச் பான்ஃபிலோவைப் பற்றி அண்மையில் வந்திருக்கும் கட்டுரை இந்த வகையறாதான். 1941 நவம்பர் 16 அன்று துபசேகவா ரயில் நிறுத்தத்தின் அருகே 28 வீரர்கள் பதினெட்டு ஜெர்மன் டாங்கிகளை அழித்துவிட்டு மடிந்தார்கள் என்பது பத்திரிகைக் கட்டுக்கதை. ஆகவே அவர்களுடைய டிவிஷன் தளபதியும் கட்டுக்கதை. ஆகவே மாஸ்கோவைக் காத்ததும் கட்டுக்கதை. ஒரு 'ஆகவே'யிலிருந்து அடுத்த 'ஆகவே'க்குத் தாவும் கட்டுரையாளரின் கால் வலுவை மெச்சத்தான் வேண்டும். நடுவே தரை இருக்கிறதா என்று அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 28 பேர் கதை பொய்தான். அந்தப் பொய்யை உடைத்துக் காட்டிய தோரணையில் கட்டுரையாளர் மீசையை முறுக்கிக்கொள்வதுதான் வேடிக்கை. மேற்கத்திய ஆய்வாளர்களின் துணிச்சலால் இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்த ரகசியமாம். ஐயா, இந்தக் கதையைத் தோலுரித்தது ஸ்டாலின் காலத்துச் சோவியத் ராணுவ வழக்குத்தொடுநர் அலுவலகம், 1948 மே மாதம். செத்துப்போனதாக நாடே கண்ணீர் விட்ட 28 பேரில் ஒருவரான தொப்ரபாபின் உயிரோடு பிடிபட்டார். அதுவும் ஜெர்மானியரின் கீழ் ஊர்க்காவல் போலீஸாக வேலை பார்த்த குற்றத்துக்காக. அதைத் துருவப்போய்த்தான் முழுக்கதையும் அவிழ்ந்தது. அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1966-லேயே 'நோவி மிர்' இதழில் கார்தின் இந்தப் புராணத்தைக் கேள்வி கேட்டுவிட்டார், பிரெஷ்னேவின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2015-ல் ரஷ்ய அரசு ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் மிரனென்கோ அந்த அறிக்கையை எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார். கலாச்சார அமைச்சரின் கண்டனம் வந்தது. அடுத்த ஆண்டு இயக்குநர் நாற்காலி போனது. உண்மையைச் சொல்லி விலை கொடுத்தவர்கள் இவர்கள். நாற்காலியோ தூக்கமோ இழக்காமல் நம் கட்டுரையாளர் அவர்களுடைய வரிசையில் வந்து நிற்கிறார். நிற்கட்டும், இடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

அந்த ஒன்று இதுதான்: பான்ஃபிலோவின் புகழ் முழுவதும் அந்தச் செய்தித்தாள் பொய்யின் வட்டிப்பணம் என்கிறார். கட்டுரையாளரிடம் நாட்காட்டி இல்லையா? 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா' நாளிதழில் கரத்தேயெவ் எழுதிய முதல் செய்தி வந்தது 1941 நவம்பர் 27. அதை ஊதிப் பெருக்கிக் கிரிவீட்ஸ்கி தீட்டிய தலையங்கம் மறுநாள். பான்ஃபிலோவின் 316-வது டிவிஷனுக்குச் செங்கொடி விருது கிடைத்ததோ நவம்பர் 17. அது 'கார்ட்ஸ்' என்ற சிறப்புப் பெயர் பெற்று 8-வது கார்ட்ஸ் டிவிஷன் ஆனது நவம்பர் 18. அதே நாளில் குசேனவா கிராமத்தில் எறிகணைச் சிதறல் பட்டுத் தளபதி இறந்தார். பிறக்கவே பிறக்காத பொய், பத்து நாள் முன்கூட்டியே வந்து விருது வாங்கிக் கொடுத்ததா? நிழல் முன்னால் வந்து ஆள் பின்னால் வருவது மாலை வெயிலில் நடக்கும். வரலாற்றில் எப்படி நடக்கிறது என்பதை அடுத்த கட்டுரையில் விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

பான்ஃபிலோவின் பணி வரலாற்றுக்கு வருவோம். கட்டுரையாளர் மிக அதிகமாகச் சறுக்கி விழுந்திருப்பது இங்கேதான். போர் தொடங்கும்போது அவர் கிர்கீசியாவில் 'கமிசார்' பதவியில் இருந்தார், ஆகவே கட்சியின் கண்காணிப்பு ஆள், துப்பாக்கி பிடிக்கத் தெரியாத அரசியல் வேலைக்காரர் என்று ஒரு தீர்ப்பு. கமிசார் என்ற சொல்லைக் கண்டதும் தோல் மேலங்கியும் கைத்துப்பாக்கியுமாக ஒரு சினிமா வில்லன் இவர் மனத்தில் எழுந்துவிட்டான் போலும். பான்ஃபிலோவ் 1938-லிருந்து வகித்தது ராணுவக் கமிசாரியத்தின் தலைமை. படைக்கு ஆள் பதிவு செய்வது, பயிற்சி கொடுப்பது, போர் வந்தால் திரட்டி அனுப்புவது, இவைதான் அந்த அலுவலகத்தின் வேலை. படைப்பிரிவில் தளபதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விசுவாசத்தை அளந்துபார்க்கும் அரசியல் கமிசார் வேறு, இது வேறு. நம் ஊரில் 'கலெக்டர்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அவர் வீடு வீடாகப் போய்ச் சீட்டுப் பணம் வசூலிப்பவர் என்று ஒரு வெளிநாட்டுக்காரன் எழுதினால் எப்படி இருக்கும்?

துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவராம்! சராத்தவ் மாகாணத்தின் பெத்ரோவ்ஸ்கில் பிறந்த இந்த மனிதர் 1915-லேயே ஜாரின் படையில் சேர்ந்து தென்மேற்கு முனையில் போரிட்டவர். 1918-ல் செஞ்சேனைக்கு வந்து, சப்பாயெவின் புகழ்பெற்ற 25-வது டிவிஷனில் பிளட்டூன், கம்பெனி என்று படிப்படியாகத் தலைமை ஏற்றவர். 1921-லேயே செங்கொடி விருது பெற்றவர். 1923-ல் கீவ் நகரில் படைத்தலைவர் பள்ளியை முடித்துவிட்டு, மத்திய ஆசியாவின் பாலைகளில் பஸ்மாச்சிக் கிளர்ச்சியாளர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர். 1940-ல்தான் மேஜர் ஜெனரல். மூன்று போர்களில் கால் நூற்றாண்டு தேய்ந்த ஒருவரை 'அரசியல் வேலைக்காரர்' என்று ஒரு வரியில் தள்ளிவிட எவ்வளவு அறியாமை வேண்டும்? அல்லது, அறியாமை அல்லவென்றால், எவ்வளவு அவசரம்?

அடுத்து வருகிறது 'மனித அலை'. சோவியத் டிவிஷன் தளபதி என்றாலே ஆளைத் தீனியாகப் போட்டு வெற்றி வாங்குபவர் என்ற பழைய பல்லவி. செஞ்சேனையில் அப்படிப்பட்டவர்கள் இருந்ததில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. அது இரக்கமற்ற ராணுவம்தான். இந்த டிவிஷனைப் பற்றி அலெக்சாந்தர் பேக் எழுதிய 'வலகலாம்ஸ்க் நெடுஞ்சாலை' நாவலே, தன் கையைத் தானே சுட்டுக்கொண்ட ஒரு வீரனுக்குத் தரப்பட்ட மரண தண்டனையை ஆரம்பத்திலேயே நம் முன் வைக்கிறது. ஆனால் பான்ஃபிலோவ் மீது இந்தக் குற்றச்சாட்டை வைப்பவர், முதலில் ஒரு வரைபடத்தைப் பார்த்திருக்கலாம். 1941 அக்டோபரில் ரொகசோவ்ஸ்கியின் 16-வது ராணுவத்தில், வலகலாம்ஸ்க் பகுதியில் அவருக்கு ஒதுக்கப்பட்ட முனையின் நீளம் 41 கிலோமீட்டர். தற்காப்பில் ஒரு டிவிஷனுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது அன்றைய சோவியத் படை விதிமுறை. நாலு பேர் படுக்கும் பாயில் பதினாறு பேரைப் படுக்க வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே ஒருவரைக் கொண்டு நாலு பாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். அலை எழுப்ப அவரிடம் தண்ணீர் ஏது?

அவர் செய்தது நேர் எதிரானது. நீளக் கோட்டில் ஆளைத் தூவி வைப்பதை விட்டு, சாலைகள் கூடும் இடங்களையும் கிராமங்களையும் முடிச்சுகளாக இறுக்கினார். டாங்கிகள் வரக்கூடிய வழிகளில் பீரங்கிகளை ஆழம் ஆழமாக அடுக்கினார். சிறு சிறு குழுக்களை முன்னால் அனுப்பி, எதிரியின் அணிவகுப்பைச் சாலையிலேயே சுட்டு நிறுத்தி, அவன் பரவி விரிந்து தாக்கத் தயாராவதற்குள் விலகி, அடுத்த திருப்பத்தில் மறுபடி சுட வைத்தார். எதிரியின் ஒரு மணி நேரத்தைத் திருடுவதே இந்தப் போர்முறையின் ஒற்றை நோக்கம். ஆளைக் கொட்டி நிலத்தைப் பிடிப்பவன் மனித அலைக்காரன். நிலத்தைக் கொடுத்து நேரத்தை வாங்கியவனுக்கும் அதே பெயரா? அக்டோபர் 27-ல் வலகலாம்ஸ்க் விழுந்தபோது மேற்கு முனைத் தலைமையகம் விசாரணைக் குழுவையே அனுப்பியது. பிணக்குவியலைத் தயங்காமல் அடுக்குபவராக இருந்திருந்தால், பின்வாங்கியதற்காக விசாரணை எதற்கு வந்திருக்கும்?

இதற்குள் வாசகர் ஒன்றைக் கவனித்திருப்பார். கட்டுரையாளர் கவனித்ததாகத் தெரியவில்லை. துபசேகவாவில் போரே நடக்கவில்லை என்பது அவருடைய முதல் பக்கம். அந்தப் போரில் ஆயிரக்கணக்கானோரை அநியாயமாகச் சாகக் கொடுத்தவர் பான்ஃபிலோவ் என்பது மூன்றாம் பக்கம். நடக்காத போரில் செத்தவர்கள் யார்? இரண்டு பக்கத்துக்கு நடுவே இருக்கும் இரண்டாம் பக்கத்தில் ஏதாவது மாயம் நிகழ்ந்ததா? ஒரே மனிதரைப் பொய்யாகவும் கொலைகாரராகவும் ஒரே மூச்சில் ஆக்குவதற்கு, மனிதர் மீது இருக்கும் அக்கறையைவிட வேறெதன் மீதோ அக்கறை வேண்டும். மாஸ்கோவிலிருந்து வந்த வழவழப்பான தாள் புத்தகங்களை மலிவு விலையில் வாங்கி, மார்போடு அணைத்து வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவற்றில் சொன்னதெல்லாம் வேதம் என்று அன்று நம்பியவர்களில் சிலர், இன்று அவற்றில் சொன்னதெல்லாம் பொய் என்று அதே பக்தியோடு நம்புகிறார்கள். கோயில் மாறியிருக்கிறது, சாமியாட்டம் மாறவில்லை.

'ஆசியத் தீனி' என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் உப்பு இருக்கிறது. அல்மா-அத்தாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திரட்டப்பட்ட இந்த டிவிஷனில் கசாக்குகள், கிர்கீஸியர்கள், ரஷ்யர்கள், உக்ரேனியர்கள் கலந்திருந்தார்கள். முழுக்கக் கசாக்குகளைக் கொண்டு போய் ரஷ்யத் தலைநகருக்குப் பலி கொடுத்தார்கள் என்று கட்டுரையாளர் எழுதுவது தவறு; தன் மகள் வலந்தீனாவையே இதே டிவிஷனின் மருத்துவப் பிரிவில் செவிலியாக வைத்திருந்த தளபதி மீது அதைச் சுமத்துவது கூடுதல் தவறு. ஆனால் பாகுபாடு இருந்தது. அதற்குச் சாட்சி பௌர்ஜான் மமிஷுலி: பான்ஃபிலோவின் பட்டாலியன் தளபதி, பேக் நாவலின் கதாநாயகன், பலமுறை சுற்றிவளைக்கப்பட்டும் படையைக் குலையாமல் வெளியே கொண்டுவந்தவர், 1945-ல் 9-வது கார்ட்ஸ் டிவிஷனுக்கே தளபதியானவர். நாட்டின் உயரிய வீரர் பட்டம் அவருக்கு 1990-ல்தான் கிடைத்தது. அவர் இறந்ததோ 1982-ல். இந்த அநீதியைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தால் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். மமிஷுலியின் பெயரே கட்டுரையில் இல்லை. தீனி என்று சொல்லிவிட்டால் போதும், தீனிக்குப் பெயர் எதற்கு என்று நினைத்துவிட்டார் போல.

பனிதான் மாஸ்கோவைக் காத்தது என்ற கடைசிப் புளித்த மாவு தோசை ஊற்றக்கூட ஆகாது. அக்டோபரில் இருந்தது சேறு. நவம்பர் நடுவில் தரை உறைந்தபோது ஜெர்மன் டாங்கிகளுக்குத்தான் வசதி. சாலையை விட்டு வயல்வெளியில் இறங்க முடிந்தது, நவம்பர் 16 தாக்குதல் அதனால்தான் சாத்தியமாயிற்று. கடுங்குளிர் பின்னால் வந்தது. அதுவரை ஜெர்மானியரை வழியிலேயே நிறுத்தி வைத்தது யார், வானிலை ஆய்வு மையமா?

கடைசியாக, கட்டுரையாளர் பெருமையோடு மேற்கோள் காட்டும் அந்த 1948 அறிக்கை. அதில் 1075-வது ரெஜிமெண்டின் தளபதி கப்ரோவ் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. 28 பேர் டாங்கிகளோடு மோதிய போர் எதுவும் துபசேகவாவில் நடக்கவில்லை, அது முழுக்கப் புனைவு என்று அவர் சொன்னதைக் கட்டுரையாளர் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார். ஆனால் கப்ரோவ் அங்கே நிறுத்தவில்லை. அந்த நாளில் தன் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாலியன் டாங்கிகளோடு போரிட்டது என்றும், அதன் நான்காவது கம்பெனி வீரத்தோடு போரிட்டது என்றும், அந்தக் கம்பெனியில் இருந்த 120-140 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், பத்திரிகைகள் எழுதியதுபோல 28 பேர் அல்ல என்றும் அதே வாக்குமூலம் தொடர்கிறது. அவ்வளவு பேரைப் பலிகொடுத்துப் பின்வாங்கியதற்காகக் கப்ரோவையே பதவியிலிருந்து அப்போது நீக்கினார்கள் என்பதும் அங்கேதான் இருக்கிறது. பத்திரிகைக்கு 28 எப்படிக் கிடைத்தது? சுமார் முப்பது பேர் மிஞ்சியிருப்பார்கள், இரண்டு பேர் சரணடைந்தவர்கள் என்று அலுவலக மேசையில் போட்ட கழித்தல் கணக்கு. பெயர்ப் பட்டியல் கம்பெனித் தளபதி நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

நூற்றுக்கு மேற்பட்டவர்களை 28-ஆகக் குறைத்தார் பத்திரிகை ஆசிரியர். அதே நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சுழியமாகக் குறைத்திருக்கிறார் நம் கட்டுரையாளர். வாக்குமூலத்தை அந்த வாக்கியத்துக்கு முன்னால் கத்தரித்தது, பக்கத்தில் இடம் போதாததாலா?