மீஸாபுக்குச் செல்வோர் எதைப் பார்க்க வேண்டும்?

அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் சென்றால், சஹாராப் பாலைவனத்தின் பாறை நிலத்துக்கு நடுவே மீஸாப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே அல் அத்ஃப், பூ நூரா, மலீகா, பனீ இஸ்கன், கர்தாயா என்னும் ஐந்து பழைய ஊர்கள் குன்றுகளின் மேல் அமைந்துள்ளன. 1012 முதல் 1350 வரையிலான காலத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1982இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1931இல் அங்கே சென்று பார்த்தார். ஆந்த்ரே ரவெரோ என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், அந்தப் பள்ளத்தாக்கு கட்டடக் கலைக்கு ஒரு பாடம் என்று கூறி 1981இல் ஒரு நூலே வெளியிட்டார்.

இத்தகைய ஊர்களைக் காணும் ஆர்வம் நம் குடும்பங்களிலும் பெருகி வருகிறது. உம்ராவுடன் துருக்கியையும் எகிப்தையும் சேர்த்துப் பார்த்துவருவோர் இன்று பலர் உள்ளனர். இது வீண் செலவு என்று கடிந்துகொள்வோரும் உண்டு. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. எனவே பயணத்தைக் குறை கூறுவதற்கில்லை. அங்கே சென்று நாம் எதைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

மீஸாபில் வாழ்வோர் இபாளிய்யா நெறியைப் பின்பற்றும் அமாஸிக் இனத்தவர். அவர்களுடைய முன்னோரின் ருஸ்தமிய்யா அரசு 909இல் ஃபாத்திமிய்யாக்களிடம் வீழ்ந்தது. அதன்பின் தம் மார்க்க வாழ்வைக் காத்துக்கொள்ளப் பாலைவனத்தின் உட்பகுதிகளுக்கு நகர்ந்தவர்கள், காலப்போக்கில் இந்தப் பாறை நிலத்தை வந்தடைந்தனர். அகீதாவிலும் ஃபிக்ஹிலும் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அவர்கள் முன்னோக்கும் கிப்லா நம்முடைய கிப்லாவே.

ஒவ்வோர் ஊரிலும் குன்றின் உச்சியில் பள்ளிவாசல் நிற்கிறது. மேலே செல்லச் செல்லக் குறுகும் அதன் மினாரா, பாங்கு சொல்லும் இடமாகவும் ஊரின் காவல் கோபுரமாகவும் விளங்கியது. பள்ளியைச் சுற்றி வீடுகள் வட்ட வட்டமாகக் கீழிறங்குகின்றன. வெளியூர் வணிகர் குடியிருப்புக்குள் நுழைய வேண்டிய தேவை வராதபடி, சந்தை ஊரின் ஓரத்தில் அமைந்தது.

இனி வீடுகளைக் கவனியுங்கள். வெளிச்சுவரைப் பார்த்து இவர் செல்வர், இவர் ஏழை என்று எளிதில் பிரித்துச் சொல்ல இயலாது. வாயிலைக் கடந்ததும் வழி திரும்புகிறது. அதனால் கதவு திறந்திருந்தாலும் தெருவில் செல்வோர் கண்ணுக்கு வீட்டின் உட்புறம் தெரியாது. நடுக்கூடத்தின் மேலே விடப்பட்ட திறப்பின் வழியே வெளிச்சமும் காற்றும் உள்ளே இறங்குகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருந்தது. அண்டை வீட்டாருக்கு வர வேண்டிய வெயிலை மறைக்கும் உயரத்துக்கு எவரும் தம் வீட்டை எழுப்பக் கூடாது. இத்தகைய வழக்கங்கள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ள ஊரில் அமீன்கள் இருந்தனர்.

நீரிலும் இதே நெறியைக் காணலாம். அங்கே மழை அரிது. வெள்ளம் அதனினும் அரிது. வரும் நாளில் அந்த வெள்ளத்தை அணையிட்டுத் தடுத்து, கற்களால் அமைத்த திறப்புகள் வழியே பேரீச்சந்தோட்டங்களுக்குப் பங்கிட்டனர். தோட்டத்தின் அளவுக்கேற்பத் திறப்பின் அளவும் அமைந்தது. வலியவர் தம் வாய்க்காலை அகலப்படுத்திக்கொள்ள வழியில்லை.

ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றித் தொடர்ந்து வலியுறுத்தி வந்ததைக் கண்டு, அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணிய செய்தியை நம் மதரஸாக்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். மீஸாபின் மக்கள் அந்த ஹக்கைச் சுவராகவும் வாய்க்காலாகவும் கட்டி வைத்தார்கள். நாம் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது நம் கருத்து. உலகின் கட்டடக் கலைஞர்கள் வியந்த அழகு அங்கே தனியே தேடிச் செய்யப்பட்டதன்று. ஒருவர் மற்றவருக்கு இடையூறாகாமல் வாழ முனைந்ததிலிருந்து பிறந்த அழகு அது.

ஆகவே அங்கே செல்வோர் விருந்தினராகச் செல்ல வேண்டும். பனீ இஸ்கன் ஊருக்குள் உள்ளூர் வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். மனிதர்களைப் படம் எடுக்கவும் புகைபிடிக்கவும் அங்கே அனுமதியில்லை. பயணிகளில் சிலர் இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்கின்றனர். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையுமாறு கற்பிக்கப்பட்ட நமக்கு இது புதிதன்று. தெருவில் நடந்து செல்லும் பெண்மணியை மறைவாகப் படம் பிடித்து முகநூலில் இடுபவர், அவ்வூரார் எதைக் காக்கத் தம் வாயில்களை வளைத்துக் கட்டினார்களோ அதையே மீறுகிறார்.

இவ்வளவு கூறியபின் கசப்பான ஒன்றையும் மறைக்கலாகாது. 2013 முதல் 2015 வரை அதே கர்தாயாவில் மாலிகி மத்ஹபைச் சேர்ந்த அரபுகளுக்கும் இபாளிகளுக்கும் இடையே கலவரங்கள் மூண்டன. கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2015 ஜூலையில் சில நாட்களுக்குள்ளேயே இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலம், வேலை, அரசியல் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. எனினும் கொன்றவரும் கொல்லப்பட்டவரும் கலிமா சொன்னவர்களே. அண்டை வீட்டாரின் வெயிலை மறைக்காத ஊரிலேயே அண்டை வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. முன்னோர் கட்டிய சுவர் மட்டும் ஹக்கைக் காத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகக் கற்றாக வேண்டும்.

கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 1990களின் இறுதியில் பனீ இஸ்கன் அருகே ஒரு பாறைக் குன்றின் மேல் தாஃபிலால்த் என்னும் புதிய குடியிருப்பைக் கட்டத் தொடங்கினர். பழைய ஊர்களின் நெறியைப் பின்பற்றி, குடும்பங்களின் உழைப்பையும் சேர்த்து ஏறத்தாழ 1,000 வீடுகள் எழுந்தன. குடிவருவோர் மரம் நட்டு வளர்ப்பதும் அங்கே கடமையாக்கப்பட்டது.

நம் ஊர்களின் நிலை என்ன? வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தில் வீடு கட்டுகிறோம். அது ஹலாலான ஆசைதான். ஆனால் மனையின் எல்லை வரை சுவரை இழுத்து, பக்கத்து வீட்டுச் சன்னலை அடைத்துவிட்டு, வாசலில் ‘மாஷா அல்லாஹ்’ என்று பதிக்கிறோம். மாடியின் சன்னல் அடுத்த வீட்டு முற்றத்தை நோக்கித் திறக்கிறது. அங்கே துணி காயப்போட வரும் பெண்ணின் சங்கடத்தை வரைபடம் போடும் நாளில் எவரும் எண்ணுவதில்லை. பக்கத்து வீட்டார் வேறு ஜமாஅத்தைச் சேர்ந்தவராயின், ஸலாம் சொல்வதும் குறைந்துவிடுகிறது.

மீஸாபுக்குச் செல்லும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிட்டும். அதன் பாடத்தைப் பெற விமானச் சீட்டு தேவையில்லை. அடுத்து வீடு கட்டப்போகும் குடும்பத்தினர், மேல்மாடிக்கான வரைபடத்தை உறுதி செய்யும் முன்பு, அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஒருமுறை செல்லட்டும். “இதனால் உங்களுக்கு வெளிச்சம் தடைபடுமா? இந்தச் சன்னல் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா?” என்று கேட்கட்டும். அவர்கள் ஆம் என்றால், கோடு போட்ட தாளிலேயே அதை மாற்றிவிடலாம். அவ்வாறு செய்வோரின் இல்லங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.