குழந்தையின் நேரத்துக்கும் கெடு வேண்டும்

கணவனும் மனைவியும் கசப்புடன் பிரியும்போது நகையையும் வீட்டையும் பங்கிட்டுக் கொள்ளலாம். குழந்தையைப் பங்கிட முடியாது. அதன் நேரத்தை மட்டுமே பகிர்ந்துகொள்ள முடியும். அந்தப் பகிர்வைக் காலத்தே செய்ய நமது சட்டம் போதிய அக்கறை காட்டவில்லை என்பது என் கருத்து.

சட்டத்தின் அடிப்படையில் குழப்பம் ஏதுமில்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டமும் குழந்தையின் நலனையே அளவுகோலாக வைக்கின்றன. பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது குழந்தையின் உரிமை என்று 2020-இல் யஷிதா சாகு வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது.

சிக்கல் காலதாமதத்தில் இருக்கிறது. வழக்கு தொடங்கும்போது நான்கு வயதான குழந்தை, தீர்ப்பு வரும்போது எட்டு வயதை எட்டியிருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் தந்தையையோ தாயையோ பார்க்காமலே வளர்ந்த குழந்தை, அவரிடம் செல்லத் தயங்குவது இயல்பு. பழகிய சூழலைக் கலைக்க வேண்டாம் என நீதிமன்றம் கருதுவதும் நியாயமே. ஆக, தாமதமே தீர்ப்பாகி விடுகிறது.

இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, வழக்கு நிலுவையில் இருக்கும்போது குழந்தையின் பராமரிப்புச் செலவு, கல்வி தொடர்பான மனுக்களை, எதிர்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்த 60 நாள்களுக்குள் இயன்றவரை முடிக்கச் சொல்கிறது. குழந்தையைச் சந்திப்பதற்கான மனுவுக்கு அந்தப் பிரிவில் இத்தகைய கெடு இல்லை. பள்ளிக் கட்டணத்துக்குக் காட்டும் அவசரத்தைப் பாசத்துக்கும் காட்டினால் என்ன?

இருவருக்கும் சரிபாதி நேரம் என்று சட்டமே விதித்துவிடலாம் என்போர் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. பெற்றோர் பொறுப்பை இருவரும் சமமாக ஏற்பதே குழந்தைக்கு நல்லது என்ற முன்முடிவை 2006-இல் சட்டமாக்கிய ஆஸ்திரேலியா, 2024 மே மாதம் முதல் அதைக் கைவிட்டது. அந்த விதி, சரிபாதி நேரத்துக்கான உரிமை எனத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். வன்முறை நிகழ்ந்த வீடுகளில் சமபங்கு ஆபத்தாகவே முடியும். அதனால்தான், குழந்தைக்குத் தீங்கு நேருமெனில் சந்திப்பையே மறுக்குமாறு நமது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது.

தேவைப்படுவது, விரைவான இடைக்கால ஏற்பாடு. எந்த நாள், எத்தனை மணி நேரம், எங்கே ஒப்படைப்பது, கோடை விடுமுறையும் பொங்கலும் தீபாவளியும் யாருடன், தொலைபேசியில் எப்போது பேசலாம் என்பவை அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். அச்சத்துக்கு இடமுள்ள வழக்குகளில் மூன்றாவது நபரின் கண்காணிப்பு இருக்க வேண்டும். குழந்தை வளர வளர ஏற்பாடும் மறுபரிசீலனைக்கு உள்ளாக வேண்டும்.

கூட்டுப் பராமரிப்புக்கான வழிகாட்டுதல்களைச் சட்ட ஆணையம் தனது 257-ஆவது அறிக்கையில் 2015-லேயே அளித்துவிட்டது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று பதின்பருவத்தை நெருங்கிவிட்டனர் அல்லது எட்டிவிட்டனர். அந்த அறிக்கையைத் தூசு தட்டி எடுக்கும் நாடாளுமன்றம், 60 நாள் கெடுவைச் சந்திப்பு மனுக்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். பெற்றோரின் வழக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நடக்கட்டும். குழந்தைப் பருவத்துக்கு வாய்தா கிடையாது.