ஊர் வீடு எப்போது அடைக்கலம் ஆகும்?

2025 மே 7 அன்று நாடெங்கும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்வான இடங்கள் சென்னைத் துறைமுகமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும். அந்த வாரம் லிஃப்டிலும் டீக்கடையிலும் காதில் விழுந்த பேச்சு ஒன்றுதான்: “எதுக்கும் ஊர்ல ஒரு வீடு இருக்கிறது நல்லது சார்.” பூர்வீக வீடு உள்ளவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இல்லாதவர்களின் கைப்பேசியை மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கத்துப் பண்ணை நில விளம்பரங்கள் துரத்தின. வங்கியில் போட்டு மறந்துபோன வைப்புத்தொகை மாதிரித்தான் சென்னைவாசியின் மனதில் ஊர் வீடு இருக்கிறது. ஆபத்துக்கு உதவும் என்கிற நம்பிக்கை அது. உண்மையில் உதவுமா?

சென்னை காலியாவது புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியதுமே ஜனம் மூட்டைமுடிச்சோடு கிளம்பியது. 1942 அதைவிடப் பெரிது. பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அவசிய வேலை இல்லாதவர்கள் நகரத்தில் இருக்க வேண்டாம் என்று அரசே சொல்லிவிட்டது. அலுவலகங்கள் ஊட்டி, கோவை என்று மேற்கே போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சிசாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் ஜப்பானியர் வரவில்லை. போனவர்களில் பலரும் திரும்பி வந்த பிறகு, 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது.

அன்றைக்கு ரயிலேறிப் போனவர்களை ஊர் தாங்கியது என்றால் அதற்குக் காரணம் இருந்தது. நிலம் உள்ள வீடுகளில் பத்தாயத்தில் நெல் இருந்தது. கொல்லையில் கிணறும் தொழுவத்தில் மாடும் இருந்தன. கரண்ட் இல்லை; ஆகவே கரண்ட் போனால் என்ன செய்வது என்ற கேள்வியும் இல்லை. நகரம் நின்றாலும் ஊர் தன்பாட்டுக்கு ஓடியது.

இன்றைய ஊர் வீடு நகரத்து வீட்டின் இன்னோர் அறை. அதே மின்கம்பி, அதே சிலிண்டர், அதே செல்போன் கோபுரம். டீக்கடைக்குப் பாக்கெட் பால் வருகிற கிராமங்கள் எத்தனை! தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய கிணற்றைக் குப்பை கொட்டி மூடிவிட்டு 400 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டிருப்பார்கள். உள்ளே நீர்மூழ்கி மோட்டார். கரண்ட் இல்லையென்றால் அந்தத் தண்ணீரை யாராலும் மேலே கொண்டுவர முடியாது. சாதாரண அடிபம்பு 150 அடிக்குக் கீழே தொடாது. வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறி சுற்றும், 3 எச்.பி. மோட்டார் சுற்றாது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டார்தான் கதி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைக் கிராமங்களில் மின்சாரம் வரப் பல வாரங்கள் ஆயின. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, தெருவெல்லாம் பணம் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். அந்த நாட்களில் ராட்டினமும் கயிறும் உள்ள ஒரு திறந்த கிணறு எவ்வளவு பெறும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். ஊர் வீட்டுக்குச் செலவு செய்ய நினைப்பவர் முதல் பணத்தைக் கிணறு தூர்வாருவதில் போட வேண்டும். டைல்ஸும் ஏசியும் பிறகு.

அரிசி விஷயமும் இப்படித்தான். மூட்டையாக வாங்கி வைத்தால் சில மாதங்களில் வண்டு விழும். நெல்லாக வைத்தால் கெடாது, ஆனால் அரைக்க மில்லுக்குக் கரண்ட் வேண்டும். உரலும் உலக்கையும் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கத்தான் வெளியே வருகின்றன. கேழ்வரகு ஆண்டுக்கணக்கில் இருக்கும், கைத்திருகையில் திரிக்கலாம். தாத்தாக்கள் பஞ்சத்துக்கு எதைச் சேமித்தார்கள், ஏன் சேமித்தார்கள் என்பதில் கணக்கு இருந்தது.

இனி, எந்த ஆபத்துக்கு ஊர்? வேகமாக வரும் ஆபத்துக்கு ஊர் வீடு உதவாது என்பது என் கட்சி. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறிய பிறகு விமான நிலையம் மூடப்பட்டது, ரயில்கள் நின்றன, செல்போன் செத்தது. அந்த நேரத்தில் குடும்பத்தோடு காரில் தஞ்சாவூருக்குப் புறப்படுவது தற்கொலை. மாடியேறுவதும் மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போவதும்தான் வழி. முன்பே கிளம்பினால்? ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் நடத்தும் ஒத்திகையைப் பாருங்கள். தேதி ஓராண்டுக்கு முன்பே தெரியும். சிறப்புப் பேருந்துகள் உண்டு. 2023 இறுதியில் கிளாம்பாக்கம் நிலையமும் வந்துவிட்டது. அப்படியும் பெருங்களத்தூரிலும் பரனூர் சுங்கச்சாவடியிலும் மணிக்கணக்கில் நிற்கிறோம். பயத்தில் கிளம்பும் கூட்டம் இதைவிட ஒழுங்காகப் போகும் என்று நம்ப முடியாது. தவிர, போகிற இடம் பத்திரமா என்பதும் நம் கையில் இல்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்திலிருந்து சென்னை எழுந்து இரண்டு வாரம் ஆகுமுன்பே, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது.

மெதுவாக வரும் ஆபத்துக்குத்தான் ஊர். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றி, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வந்ததே, அது போன்ற நாட்களுக்கு. மாதக்கணக்கில் நீளும் தொற்றுக்கு. நாளைக்கே போர் வந்து நீண்டால் அதற்கும்.

ஆனால் அங்கே கதவைத் திறக்க ஆள் வேண்டும். 2020 கொரோனாக் காலத்தில் நடந்ததை மறக்கக் கூடாது. ஜூன் 19 முதல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் செங்கல்பட்டுச் சாலையில் வாகனங்கள் வரிசை கட்டின. இ-பாஸ் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்பே பல ஊர்களில் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். ‘சென்னையிலிருந்து வந்தவர்’ என்றாலே தெரு ஒதுங்கியது. பத்து வருடம் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு, நோய்க்காலத்தில் சாவியோடு போய் நிற்பவரை ஊர் எப்படிப் பார்க்கும்? ஊரின் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாவுக்கும் கோயில் கொடைக்கும் வந்து நின்றவனை அவர்கள் உள்ளே விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பதினான்கு நாள் தங்கவைத்துச் சோறும் கொடுத்தார்கள். பண்ணை நிலம் வாங்குபவர்கள் வேலிக்கும் கேமராவுக்கும் செய்யும் செலவில் ஒரு பங்கை, பக்கத்து வயல்காரரோடு டீ குடிப்பதில் செய்யலாம்.

இதையும் சொல்லியாக வேண்டும்: ஊர் எல்லாருக்கும் அடைக்கலம் அல்ல. நிலமும் தெருவும் சாதிப்படி பிரிந்து கிடக்கும் ஊரிலிருந்து தப்பித்து வந்தவர்களுக்குச் சென்னைதான் புகலிடம். ‘ஊருக்குப் போய்விடுங்கள்’ என்று அவர்களிடம் சொல்வது யோசனையே அல்ல.

எல்லாரும் ஒரே நாளில் கிளம்பினால் தனி வீட்டுத் தயாரிப்பு எதுவும் நிற்காது. இலங்கைப் போரில், 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிக்குள் வந்தபோது, சாவகச்சேரி, கொடிகாமம் பக்கத்து வீடுகளும் பள்ளிகளும் கோயில்களும் நிரம்பி, மக்கள் மர நிழலில் கிடந்தார்கள். வந்தவர்களின் சுமையை அந்த ஊர்கள்தான் தாங்கின. நம் பேரிடர்த் திட்டங்கள் பாதிக்கப்படும் இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஏற்றுக்கொள்ளப் போகும் இடத்தைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. 2020 அக்டோபர் முதல் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பது நல்ல தொடக்கம். ஆனால் 300 குடும்பத்துக்குச் சரக்கு வரும் கடையில் 500 குடும்பம் நின்றால் எடுத்துக் கொடுக்க அரிசி இருக்க வேண்டுமே. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கேள்வி. கூடுதல் இருப்பும் மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டரும் ஊராட்சிக்கு ஊராட்சி கேட்டுப் பெற வேண்டியவை. கிராமசபையில் யாராவது எழுந்து கேட்டால்தான் நடக்கும். நகரத்துப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காரட்டும்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, செல்போனை அணைத்து, ஏடிஎம் பக்கம் போகாமல், அப்பா அம்மா குழந்தைகளோடு காலையிலிருந்து மறுநாள் காலை வரை அந்த வீட்டில் இருந்து பாருங்கள். என்ன வாங்க வேண்டும், யாரிடம் பழக வேண்டும் என்ற பட்டியலை இரவுக்குள் எழுதி முடித்திருப்பீர்கள்.