பிள்ளையின் பயமும் பெற்றோரின் பஞ்சாங்கமும்

பொதுப் பரீட்சை நெருங்கிவிட்டால் சேலையூர், தாம்பரம் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு இரண்டு வேலைகள் வந்துவிடுகின்றன. ஒன்று, பிள்ளையைச் சோம்பேறி என்று வைவது. மற்றொன்று, பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள செட்டிபுண்ணியத்திற்குப் போய், குதிரைமுகச் சாமியான ஹயக்ரீவர் முன் வைத்து வாங்கி வருவது. பேனாவுக்குப் பூஜை ஆயிற்று; பிள்ளையின் பயத்திற்கு என்ன ஆயிற்று என்று நாம் கேட்கிறோம்.

புத்தகத்தைத் தொடாமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளும் பிள்ளைகளில் பலர் உண்மையில் சோம்பேறிகளல்லர். தப்பு வந்துவிடுமே, 100க்கு ஒன்று குறைந்தாலும் அப்பா முகத்தைச் சுளிப்பாரே, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பேசுவார்களே என்கிற பயந்தான் அவர்கள் கையைக் கட்டிப்போடுகிறது. ஒரு எழுத்துக் கோணினால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிற குழந்தையைப் பார்த்து, "எவ்வளவு சுத்தம்!" என்று மெச்சுகிறோம். பல சமயங்களில் அது சுத்தமல்ல, நடுக்கம்.

சரி, தள்ளிப்போடக் கற்றுக்கொடுத்தவர் யார்? ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி என்று நாளொன்றுக்கு 3 மணி நேரத்தை நாமே வெட்டி எறிகிறோம். போதாததற்கு அஷ்டமி, நவமி, ஆடி மாதம் வேறு. தள்ளிப்போடுவதையே சாஸ்திரமாக்கி வைத்திருக்கிற பெரியவருக்கு, பிள்ளை கணக்கைத் தள்ளிப்போட்டால் மாத்திரம் பிரம்பெடுக்க என்ன யோக்கியதை இருக்கிறது? வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10.30 முதல் 12 வரை. சர்க்கார் பொதுப் பரீட்சையோ காலை 10 மணிக்கு ஆரம்பம். வெள்ளிக்கிழமையில் எழுதினவர்களெல்லாம் தோற்றா போனார்கள்?

2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு சர்க்கார், மாநிலத்தில் முதலிடம் இன்னார் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திற்று. நல்ல காரியம். ஆனால் வீடுகள் இன்னும் நிறுத்தினபாடில்லை.

பெற்றோர் செய்யவேண்டியதற்குக் காணிக்கை ஒன்றும் வேண்டாம். புத்தகம் முழுவதையும் காட்டி மிரட்டாமல் ஒரே ஒரு கணக்கை எடுத்து, "பத்து நிமிஷம் போட்டுப் பார், தப்பாய்ப் போனாலும் சரி" என்று சொல்லிக் கூடவே உட்காருங்கள். கை ஓட ஆரம்பித்தால் பயம் தானே தளரும். மார்க்கு எவ்வளவு என்று கேட்குமுன், எந்த இடத்தில் சிக்கிற்று என்று கேளுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும், தாயத்துக் கட்ட அலையாதீர்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அல்லது 104க்கோ 14416க்கோ டெலிபோன் செய்யுங்கள். அங்கே காசும் கேட்பதில்லை, ஜாதகமும் கேட்பதில்லை.