உப்பில்லாக் கஞ்சியும் யோபுவின் முறையீடும்

மரக்காணம் உப்பளங்களில் ஆயுளெல்லாம் உப்பு வாரியவரிடம், சிறுநீரகம் பழுதுற்றபின் உப்பைக் குறைக்கச் சொல்வது எங்களுக்கு எளிதாயில்லை. நலமுள்ளவர்க்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "இந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை" என்று நோயாளி சலித்துக்கொள்ளும்போது, உடனிருப்போர் ஒரு வேதவசனத்தைச் சொல்லி அவர் வாயை அடைத்துவிடுவதைக் காண்கிறோம். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆயினும் அது சரியன்று என்பதே எங்கள் கருத்து.

யோபு 6:6-ஐ எடுத்து வாசியுங்கள். உப்பற்ற உணவைப் பற்றிய முறையீடு வேதத்திலேயே இடம்பெற்றிருக்கிறது, முறையிடுபவரும் நோயுற்றவர். அதற்குமுன் அவருடைய நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அருகே அமர்ந்திருந்தார்கள் (2:13). அவர்கள் செய்த நன்மை அவ்வளவே. பேசத் தொடங்கியபின், நோய்க்குக் காரணம் அவருடைய பாவமே என்று வாதிட்டு நோகடித்தார்கள். இன்றும் படுக்கையருகே அத்தகைய பேச்சு கேட்கிறது. கொலோசெயர் 4:6 உப்பைக் கேட்பதோ நம் சொல்லில்.

ஆகவே, முதலில் அவர் புலம்பலைக் கேளுங்கள். அவர் விரும்பினால் வசனத்தை வாசியுங்கள். கஞ்சியின் சுவைக்கு வழி கேட்டு எங்களிடம் வாருங்கள். உப்புக்கு மாற்றாகக் கடைகளில் விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பை மட்டும் எங்களைக் கேளாமல் வாங்காதீர்கள். பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாமல், இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.