பத்து டாலருக்கு ஒரு பெயர்!

மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு நல்ல பெயரை யோசித்து, டாட் காம் சேர்த்துத் தேடினால் அது ஏற்கனவே யாரிடமோ இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் உருப்படியாக ஒன்றும் இருக்காது. 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று ஒரு வரி மட்டும்! "சும்மா முடக்கி வைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் கேட்கிறானே, பகல் கொள்ளை" என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கோபம் நியாயமா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் காலி மனை வாங்கிப் போட்டிருக்கிறார். வீடு கட்டவில்லை என்பதற்காக அது புறம்போக்கு ஆகிவிடுமா? டொமைன் பெயரும் அப்படித்தான். முதலில் பதிந்தவர், கட்டணத்தைத் தவறாமல் கட்டும் வரை அது அவருடையது. விலை சொல்வதும், விற்கமாட்டேன் என்பதும் அவர் இஷ்டம்.

திருட்டு என்பது வேறு. அடுத்தவர் வளர்த்த வணிகப் பெயரை, அவரிடமே விற்றுக் காசு பார்க்கப் பதிந்து வைப்பது. இதைத் தடுக்கத்தான் டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பு 1999ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பெயர் இன்னொருவரின் வணிகக் குறியீட்டோடு குழப்பும்படி இருக்க வேண்டும். வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக்கூடாது. கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றையும் நிரூபித்தால்தான் பெயர் கைமாறும்.

விதி நியாயமானதுதான். பெரிய நிறுவனங்கள் அதைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு.

கனடாவில் மைக் ரோ என்ற 17 வயதுப் பள்ளி மாணவர், 2003ல் தன் பெயரோடு 'சாஃப்ட்' சேர்த்து 'மைக்ரோசாஃப்ட்' என்று ஒலிக்கும் ஒரு டாட் காம் பதிந்தார். மைக்ரோசாஃப்ட்டின் வக்கீல்கள் பெயரைக் கேட்டார்கள். கொடுக்க முன்வந்த தொகை 10 டாலர்! அடிமாட்டு விலை என்பது இதுதானே? ரோஷத்தில் பையன் 10,000 டாலர் கேட்டான். அவ்வளவுதான், "பார்த்தீர்களா, காசு பறிக்கத்தான் பதிந்திருக்கிறான்" என்று அந்தப் பதிலையே அவனுக்கு எதிராகத் திருப்பினார்கள். விஷயம் வெளியே வந்து உலகமே பையன் பக்கம் நின்ற பிறகு, 2004 ஜனவரியில் ஓர் எக்ஸ்பாக்ஸும் வேறு சில சலுகைகளும் கொடுத்து சமாதானம் ஆனார்கள். முதலிலேயே மரியாதையாகக் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா?

அமெரிக்காவில் ஊசி நிஸான் என்பவரின் கதை இன்னும் கொடுமை. நிஸான் அவருடைய குடும்பப் பெயர். தன் கம்ப்யூட்டர் கடைக்காக 1994ல் நிஸான் டாட் காமைப் பதிந்தார். 1999ல் கார் கம்பெனி 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பல வருடம் கோர்ட்டு, வக்கீல் செலவு. கடைசியில் பெயர் அவரிடமே நின்றது. 2020ல் கொரோனாவால் இறக்கும் வரை அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயித்தார்தான். ஆனால் சொந்தப் பெயரை வைத்திருக்க ஒரு மனிதன் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா?

இதற்கு நேர் எதிர் உதாரணம் டெஸ்லா. டெஸ்லா டாட் காம் இன்னொருவரிடம் இருந்ததால், பெயரோடு 'மோட்டார்ஸ்' சேர்த்துக் காலம் தள்ளினார்கள். 2016ல்தான் அந்தப் பெயர் அவர்கள் கைக்கு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் முயன்று, 1.1 கோடி டாலர் கொடுத்து வாங்கியதாக 2018ல் எலான் மஸ்க்கே சொன்னார். தாமதமாக வந்தால் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்!

சின்ன அளவில் வாங்குபவருக்கும் இதே பாடம்தான். வக்கீல் நோட்டீஸில் தொடங்காமல், கொடுக்க முடிந்த தொகையை நேர்மையாகச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பெயர் வேறு யாருடைய வணிகக் குறியீடாவது ஆகுமா என்று முன்பே பார்ப்பது அவசியம். இல்லையென்றால் வழக்கையும் சேர்த்து விலைக்கு வாங்கியது போல் ஆகிவிடும். பணத்தை நேரே அனுப்பாமல், பெயர் கைமாறும் வரை தொகையைப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகக் கொடுப்பது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. விலை கட்டுப்படியாகவில்லையா? வேறு பெயர் யோசிப்பதுதான் முறை.

பெரிய கம்பெனி என்பதற்காகச் சின்னவனின் பெயர் மலிவாகிவிடாது.